மாமியாரைக் கேட்டார்களா?

1968ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரிய ஊசி போடும் வேலை தொடங்கியது. மாவட்டத்தின் தலைநகர் அப்போது காஞ்சிபுரம். வேலை நடந்ததோ வடக்கே திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து அதை நடத்தின. வீடு வீடாகப் பெயரெழுதி, கையில் தோல் சோதனை செய்து, மார்பை எக்ஸ்ரே எடுத்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். மூன்றில் இரு பங்கினருக்கு பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

எதிர்பார்ப்பு பெரிது. 1950இல் பிரிட்டனில், பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் தொடங்கிய ஆய்வில் பிசிஜி சுமார் 80 விழுக்காடு பாதுகாப்பு தந்திருந்தது. செங்கல்பட்டின் முதல் அறிக்கை 1979இல் வந்தபோது, பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு 1999இல் அச்சானது. அதிலும் அதே பூஜ்யம்தான். குழந்தைகளிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. (பச்சிளம் குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசி போடுவது அதனால்தான்.)

பிசிஜி பற்றிய சந்தேகம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1955லேயே ராஜாஜி அதை எதிர்த்துத் தனி நூல் வெளியிட்டார். அவர் சொன்ன காரணங்கள் வேறு. செங்கல்பட்டு முடிவு அவர் வாதத்தை மெய்ப்பித்துவிட்டது என்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை.

அந்தப் பூஜ்யம் ஏன் மதிப்புள்ளது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு சுகாதாரத் திட்டம் பலன் தரவில்லை என்றால் வழக்கமாக வரும் பதில்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: மருந்து கெட்டுப்போயிருக்கும், ஊழியர்கள் ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்கள், மக்கள் ஒத்துழைக்கவில்லை. செங்கல்பட்டில் அப்படித் தப்பிக்க வழியில்லை. ஊசி போட்ட சில வாரங்களில் தோல் சோதனை செய்து, உடல் தடுப்பூசியை ஏற்றுக்கொண்டதா என்று பார்த்திருந்தார்கள். ஏற்றுக்கொண்டிருந்தது. ஊசி உடலுக்குள் போனது, உடல் அதைக் கண்டுகொண்டது. ஆனாலும் நோய் நிற்கவில்லை. வேலை ஒழுங்காக நடந்தது, வேலைக்கு அடியில் இருந்த நம்பிக்கைதான் இந்த மண்ணில் பொருந்தவில்லை.

பொருந்தாததற்கு ஒரு விளக்கம் ஆய்வுக்கு முன்பே இருந்தது என்பது இன்னும் சுவாரசியம். மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் பல வாழ்கின்றன. வெப்பமான ஊர்களில் சிறு வயதிலேயே இவை உடலோடு பழகிவிடுகின்றன. அப்படிப் பழகிய உடலுக்கு பிசிஜி புதிதாக எதையும் கற்றுத்தருவதில்லை என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் கரோல் பாமர் முன்வைத்திருந்தார். கினிப் பன்றிகளை வைத்து அவரும் அவருடைய சகா லாங்கும் செய்த சோதனை 1966இல் வெளியானது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் பிசிஜியின் பலன் சொற்பமாக இருந்ததும் அப்போது தெரிந்த செய்தியே. செங்கல்பட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சொந்தக்காரக் கிருமிகளைச் சந்தித்தவர்கள் என்பதைத் தோல் சோதனைகள் காட்டின. இது மட்டுமே முழு விளக்கம் என்று இன்றைக்கும் அறிஞர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. ஆனால் லண்டன் பிள்ளையின் உடலும் திருவள்ளூர்ப் பிள்ளையின் உடலும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை என்பதை மறுப்பார் இல்லை.

ஒவ்வொரு சுகாதாரத் திட்டத்துக்கும் அடியில் இப்படி ஒரு நம்பிக்கைச் சங்கிலி இருக்கிறது. இதைச் செய்தால் அது நடக்கும், அது நடந்தால் இன்னொன்று நடக்கும், கடைசியில் நோய் குறையும். திட்ட அறிக்கையில் இது எழுதப்படுவதே இல்லை. எழுதினாலும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக ஒரு படத்தோடு முடிந்துவிடும். எத்தனை கோடி ஒதுக்கீடு என்ற முதல் வரிக்கும், எத்தனை நோய் குறைந்தது என்ற கடைசி வரிக்கும் நடுவே இருக்கும் கண்ணிகள் ஒவ்வொன்றும் ஒரு ஊகம். மதிப்பீட்டுக்கு ஆள் அனுப்பும் முன்பு இந்த ஊகங்களைச் சோதிக்க வேண்டும் என்பது சுகாதார ஆய்வில் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது.

இதில் முன்னோடி அமெரிக்கரான கரோல் வைஸ். திட்டம் தோற்றது என்று கேட்டவுடன் எந்தத் தோல்வி என்று திருப்பிக் கேட்கக் கற்றுத்தந்தவர்களில் அவர் முக்கியமானவர். செய்ய வேண்டியதைச் செய்யாததால் வந்த தோல்வி ஒன்று. செய்ய வேண்டியதெல்லாம் செய்தும் கோட்பாடே தவறாக இருந்ததால் வந்த தோல்வி இன்னொன்று. முதலாவதற்கு மருந்து நல்ல நிர்வாகம். இரண்டாவதற்கு நிர்வாகத்தை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. கடைசி எண்ணை மட்டும் அளப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

இந்த மயக்கத்துக்கு ஒடிசாவில் நல்ல உதாரணம் உண்டு. பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களை எடுத்து, பாதியில் கழிப்பறை கட்டும் இயக்கத்தை நடத்தி, மீதியை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். தாமஸ் கிளாசன் தலைமையிலான குழுவின் முடிவுகள் 2014இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தன. இயக்கம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63க்கு உயர்ந்தன. நிர்வாகம் பார்த்தால் பாராட்டு விழா எடுக்கலாம். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயிற்றுப்போக்கு அந்த ஊர்களில் 8.8 விழுக்காடு, மற்ற ஊர்களில் 9.1. வித்தியாசமே இல்லை என்று பொருள். கழிப்பறையால் பயனில்லை என்று இதற்கு அர்த்தம் சொன்னவர்களும் உண்டு. கட்டிய கழிப்பறையில் எத்தனை பேர் தினமும் போனார்கள், கிராமத்தில் எத்தனை விழுக்காட்டினர் போனால்தான் நீரும் மண்ணும் சுத்தமாகும் என்ற நடுக் கண்ணிகளைப் பார்க்காமல் அப்படிச் சொல்வதற்கு இடமில்லை. இந்த இரண்டும் முதலிலேயே ஒரு சில கிராமங்களில் கேட்டுப் பார்த்திருக்கக்கூடிய கேள்விகள்.

1970களில் வாஷிங்டனில் இருந்த ஜோசப் ஹோலி இதைத்தான் ஒரு முறையாக்கினார். அமெரிக்க அரசின் சுகாதார, கல்வி, நலத் துறைக்காக மதிப்பீடுகள் நடத்திக்கொண்டிருந்த அவருக்கு, பெரும் செலவில் எழுதப்படும் அறிக்கைகள் யாருக்கும் உதவாமல் போவது உறுத்தியது. திட்டத்தின் நோக்கம் என்ன என்று மூன்று அதிகாரிகளைக் கேட்டால் மூன்று பதில். களத்தில் நடப்பதோ நான்காவது. எனவே பெரிய மதிப்பீட்டுக்கு முன் ஒரு சிறிய வேலை செய்யுங்கள் என்றார். நோக்கம் தெளிவா, இந்தச் செயலால் அந்தப் பலன் வரும் என்பது நம்பத்தக்கதா, அளக்கத் தரவு கிடைக்குமா என்று சில வாரங்களில் பார்த்துவிடலாம். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. பாவு நூலைத் தெருவில் நீட்டி, அறுந்த இழையைத் தேடி முடிபோட்ட பிறகே அது தறிக்குப் போகும். புடவை முடிந்த பிறகு குறையைக் கண்டுபிடிப்பதால் கூலி வராது.

தமிழ்நாட்டில் இந்த முன்வேலையை ஓரளவு செய்துவிட்டு இறங்கிய ஒரு திட்டம் உண்டு. உலகெங்கும் பாடநூல்களில் அது இடம்பிடித்திருக்கிறது; இங்கே அதை நினைவில் வைத்திருப்போர் குறைவு. உலக வங்கிக் கடனில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனையாக ஆரம்பித்து, பிறகு செங்கல்பட்டு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களின் கிராமங்களுக்கு விரிந்தது.

அதன் வேர் அதற்கு முன்னால் நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. அமெரிக்க உதவியுடன் சிட்னி கேன்டர் குழு நடத்திய தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு 1973இல் வெளியானது. அப்போது மாநிலத்தில் இருபதுக்கு மேற்பட்ட உணவூட்டும் திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் சோறு பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குப் போனது. உயிருக்கே ஆபத்தான ஊட்டக்குறைவு இருந்ததோ மூன்று வயதுக்குள், இன்னும் நடை பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாவு எல்லோருக்குமாகப் பகிரப்பட்டது; வெளியே சாப்பிட்ட பிள்ளைக்கு வீட்டில் ஒரு கை குறைந்தது. வீட்டில் சோறு இருந்தும் குழந்தை மெலிந்திருந்த குடும்பங்களும் இருந்தன. இணை உணவை எப்போது தொடங்குவது, வயிற்றுப்போக்கின்போது என்ன கொடுப்பது என்பதில் இருந்த பழக்கமும் ஒரு காரணம் என்று ஆய்வு சொன்னது.

திட்டத்தை வடிவமைத்தவர்கள் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கப் பார்த்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். மெலிந்த குழந்தைக்கெல்லாம் உணவு என்று வைக்காமல், எடை ஏறாத குழந்தைக்கும் மிகக் கடுமையாக மெலிந்த குழந்தைக்கும் மட்டும் 90 நாட்கள் சத்து உருண்டை என்று வைத்தார்கள். எடை ஏறியதும் உருண்டை நிற்கும்; ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். உருண்டையை மையத்திலேயே சாப்பிட வைத்தார்கள். இந்த 90 நாட்களும் தாய்க்கு ஒரு பாடம்: கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் குழந்தை தேறும் என்பதைத் தராசில் தன் கண்ணாலேயே பார்க்கிறாள். சொல்லித்தரும் ஊழியரைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. அதே ஊர்க்காரி, முடிந்தால் ஏழை வீட்டுத் தாய், ஆனால் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்தவள். வறுமையிலும் இது முடியும் என்பதற்கு அவளே சாட்சி.

உலக வங்கியின் கணக்கில், திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. மிதமான ஊட்டக்குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை. கணக்கெடுத்தவர்களுக்கு நடுவில் ஒரு தலைவலியும் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயது முதலான குழந்தைகளுக்கு, மாநிலம் முழுக்க. ஒப்பிட வைத்திருந்த ஊர்களிலும் சோறு வந்துவிட்டது. நல்ல காரியம்தான், ஆனால் எந்தச் சோற்றால் எந்தப் பிள்ளை தேறியது என்று பிரித்துச் சொல்வது கடினமாகிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் நடுக் கண்ணிகள்தான் கைகொடுக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், எடை போட வந்த தாய்மார், உருண்டை சாப்பிட்ட நாட்கள் என்று பதிவேடு இருந்ததால் கதையை ஓரளவாவது பின்தொடர முடிந்தது.

வெற்றி பெற்ற திட்டத்தை வேறு ஊருக்கு எடுத்துப் போவது இயல்பு. 1995இல் அதே அச்சில் வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மாதாந்திர எடை, எடை ஏறாதவருக்கு உணவு, தாய்க்கு ஆலோசனை எல்லாம் அப்படியே. 2003இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பின் அறிக்கை வந்தது. திட்டம் நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் குழந்தைகளின் நிலையில் வித்தியாசம் காணவில்லை என்றது. இதற்கும் கடன் கொடுத்திருந்த உலக வங்கிக்குள் சச்சரவு. அதன் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்த ஹோவர்ட் வைட், கண்ணி கண்ணியாகத் தேடிப்போனார். அவரும் எடோவார்டோ மாசெட்டும் எழுதிய கட்டுரை 2007இல் வெளியானது.

அவர்கள் கண்டது ஒரு நாவலாசிரியர் உடனே கண்டுபிடித்திருக்கக்கூடியது. ஆலோசனை முழுக்கத் தாய்க்குச் சொல்லப்பட்டது. கடைக்குப் போய் வாங்குவதோ வங்கதேசக் கிராமங்களில் பெரும்பாலும் ஆண். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியும் பரிமாறலும் மாமியார் ஆட்சி. முட்டை கொடு, பருப்பு கொடு என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பிய இளம் தாயிடம் வாங்கக் காசும் இல்லை, பங்கிடக் கரண்டியும் இல்லை. பாடம் அவளுக்குப் புரிந்தும் இருந்தது. தெரிந்ததற்கும் செய்ததற்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்ததை ஆய்வு காட்டியது. வறுமையும் நேரமின்மையும் அதில் பெரும்பங்கு வகித்தன. கொடுத்த உணவிலும் ஒரு பகுதி மற்றவர் வயிற்றுக்குப் போனது, அல்லது வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகிவிட்டது. இந்தத் திட்டம் தொடங்குவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே கேன்டர் ஆய்வு தமிழ்நாட்டில் எச்சரித்த அதே ஓட்டை.

இங்கே மட்டும் மாமியார் இல்லையா என்று காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவிலும் கேட்பார்கள். இருக்கிறார். ஆனால் தமிழ்நாட்டில் அவர் பல வீடுகளில் மருமகளின் சொந்த அத்தை. உறவுக்குள் திருமணம், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் குறைந்த தூரம், சந்தைக்குத் தானே போய் வரும் பெண் ஆகியவை தென்னிந்தியாவில் பெண்ணின் கையை ஓரளவு ஓங்க வைக்கின்றன என்று டிம் டைசனும் மிக் மூரும் 1983லேயே எழுதியிருந்தார்கள். தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டியுடன் 2012இல் எழுதிய நூலில் இந்த இரு திட்டங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். கொட்டாம்பட்டியில் பலித்தது என்பது உண்மை. அங்கே அது பலிக்க எதெல்லாம் துணைநின்றது என்ற பட்டியல் இல்லாமல் அந்த உண்மையை டாக்காவுக்கு எடுத்துப்போக முடியாது. தாய்தான் முடிவெடுப்பவள் என்பது தமிழ்நாட்டில் யாரும் எழுதி வைக்காத, எழுதத் தேவைப்படாத ஒரு துணை. அது இல்லாத ஊரில்தான் அது இருந்ததே தெரிந்தது.

இன்றைய காஞ்சிபுரத்தில் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கத் தோதான திட்டம், மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள், தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரையைக் கொடுப்பார்கள். 2020இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயில் 10.8 விழுக்காடு. இந்த எண்கள் இப்போது எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று கேட்பது எளிது. திட்டத்தின் அடியிலுள்ள ஊகம் எது என்பது அதைவிட நல்ல கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அலைச்சலும் அன்றைய கூலி இழப்பும்தான் தடை, வீட்டுக்கே மாத்திரை வந்தால் தடை நீங்கும் என்பதுதான் அந்த ஊகம்.

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் இந்த ஊகம் அழகாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்கலாம். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு ஆஸ்பத்திரி வரிசையில் போகும் அரை நாள் நேரடி நட்டம். புடவையின் உடலையும் கரையையும் இணைத்துக் கோர்வை போடும் தறியில் உதவிக்கு இருப்பவருக்கும் அதே அரை நாள் போகும். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் தன்னார்வலர் காலையில் வந்தாலும் மாலையில் வந்தாலும் ஆள் இருப்பார். அதே மாவட்டத்தில் சற்றுத் தள்ளி, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும், ஷிப்டு வேலைக்குப் பேருந்தில் போய் வரும் தொழிலாளியின் வீட்டுக் கதவைப் பகலில் தட்டினால் பூட்டு இருக்கும், அல்லது இரவு ஷிப்டு முடித்துத் தூங்கும் ஆள் இருப்பார். ஒரே திட்டம், ஒரே மாவட்டம், முதல் கண்ணியிலேயே இரண்டு விதம். மாவட்டச் சராசரி எடுத்தால் இரண்டும் கலந்து எதையும் சொல்லாத ஓர் எண் கிடைக்கும்.

நெசவாளர் வீட்டிலும் கதை அத்தோடு முடியாது. கிடைத்த மாத்திரை விழுங்கப்படுகிறதா? தலைச்சுற்றல் போனதும் நிறுத்திவிடுகிறார்களா? அதைவிடக் கவனிக்கப்படாத ஒரு கண்ணி, மருந்தின் அளவு. அழுத்தம் குறையவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும். அதைத் தன்னார்வலர் செய்ய முடியாது, மருத்துவர்தான் செய்ய வேண்டும். வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்ற வசதியே, டாக்டரிடம் போக வேண்டிய தேவையை மறக்கடித்தால்? மாதாமாதம் மாத்திரை கொடுத்த கணக்கு முழுமையாக இருக்கும், அழுத்தம் மட்டும் அதே இடத்தில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். ஐம்பது வீடுகளில் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணி, கடைசியாக அளவு மாற்றப்பட்ட தேதியைச் சீட்டில் பார்த்தாலே போதும். சீட்டில் அப்படி ஒரு தேதியே இல்லை என்றால், அதுவும் ஒரு முடிவுதான்.

பகலில் வீட்டில் இல்லாதவர்களுக்காக 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சோதனை இப்போது வேலையிடத்துக்கே போகிறது. வீட்டுப் பூட்டுப் பிரச்சினை இதில் இல்லை. புதிய சங்கிலியில் புதிய ஊகங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன: நிரந்தர வேலை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி, தனக்குச் சர்க்கரை இருப்பதைக் கம்பெனி வளாகத்துக்குள் உட்கார்ந்து சொல்வாரா, சொன்ன பிறகு அடுத்த மாதம் அதே கம்பெனியில் இருப்பாரா, இல்லாவிட்டால் அவருடைய மாத்திரை எந்த ஊருக்குப் போகும் என்பவை அவற்றில் சில.